கரும்பலகையில் உன் பெயர்

அருள்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. இந்த ஐந்து வருடத்தில் நீ எழுதியதிலேயே சிறிய கடிதம் இதுதான். "அப்பா, நல்லா இருக்கேன். அந்த இல்லத்துக்குக் கொடுக்கிறதும் கொடுக்காததும் உங்க விருப்பம். ஆனா என் பேர்ல வேணாம். அந்த போர்டுல என் பேரை எழுதிக்கிட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு ஊருக்கு வர மனசு வராது." இவ்வளவுதான். கண்புரை விழுந்த கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு இதைப் பல தடவை படித்தேன். முதலில் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் உனக்குத் தெரியும். முதலில் குரல் உயரும், பிறகு மூச்சு வாங்கும், கடைசியில் நாற்காலியைத் தேடும். இந்த முறை சத்தம் போட வீட்டில் ஆள் இல்லாததால் நேராக நாற்காலிக்கே போய்விட்டேன். அங்கே உட்கார்ந்துதான் இதை எழுத ஆரம்பித்தேன். இன்றோடு நான்கு நாளாகிறது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகப் படி. உன்னைப் பற்றி ஒரு தடவை உனக்குத் தெரியாமல் எழுதி ஊரைக் கேட்க வைத்தவன் நான். இந்த முறை உனக்கே எழுதுகிறேன். நீ சரி என்றால் இதை யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை. நீ வேண்டாம் என்றால் இது உன் மேசை டிராயரிலேயே கிடக்கட்டும்.

உனக்குக் கோபம் வரக் காரணமும் நான்தான். முதியோர் இல்லத்துச் செய்தி மடலின் கடைசிப் பக்கத்தில், போன வருடம் சாப்பாடு கொடுத்தவர்களின் பெயர்களைப் போட்டிருந்தார்கள். அகர வரிசைப்படி உன் பெயர்தான் முதலில். மகன் பெயர் அச்சில் வந்துவிட்டது என்ற பூரிப்பில் அந்தப் பக்கத்தை அப்படியே மடித்து உறையில் வைத்து மெல்போர்னுக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பட்டியலுக்கு மேலே அரைப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, கசங்கிய டிக்கெட்டில் ஒரு எண் மங்கியிருந்தால்கூடப் பிடித்துவிடுகிற மனுஷன், தன் மகன் பெயரைக் கண்டதும் மற்ற எதையும் பார்க்கவில்லை. நீ படித்திருக்கிறாய். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது பெரும் பாவம், அப்படிப்பட்டவர்களை இல்லத்தில் வேலைக்கும் சேர்ப்பதில்லை, தொண்டுக்கும் சேர்ப்பதில்லை, கீழே பெயருள்ள நல்ல உள்ளங்களின் ஆதரவு இருப்பதால்தான் இந்தக் கொள்கையில் உறுதியாக நிற்க முடிகிறது என்று கமிட்டித் தலைவர் எழுதியிருந்தார். கீழே பெயருள்ள நல்ல உள்ளங்களில் முதல் உள்ளம் நீ. உன் கடிதம் வந்த பிறகு, எதிர்வீட்டு ஆசிரியரிடம் மடலின் இன்னொரு பிரதியைக் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். அவர் படித்து முடித்து மடலை என்னிடம் திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தச் சாப்பாடு எப்படி ஆரம்பித்தது என்று உனக்குப் பாதிதான் நினைவிருக்கும். நாம் கெர்போ ரோட்டில் மாடி அறையில் இருந்த காலம். உனக்குப் பத்து வயதில் டைபாய்டு வந்து, ஆஸ்பத்திரியில் கிழிந்த துணி மாதிரிக் கிடந்தாய். நீ எழுந்து நடந்தால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அனாதரவான பெரியவர்களுக்கு என் கையால் சமைத்துப் போடுகிறேன் என்று உன் அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். தேக்கா மார்க்கெட்டில் அவளே கோழி பார்த்து வாங்குவாள். காரம் குறைத்துக் குருமா, குழைய வடித்த சோறு, பல் இல்லாதவர்களும் விழுங்கும்படி சேமியா பாயசம். சீனப் பெரியவர்களுக்குத் தனியாக ஒரு பானையில் இஞ்சி போட்ட சூப். அப்பர் சிராங்கூன் போகிற பஸ்ஸில் ஓட்டுநர் காலடியில் பானைகளை வைத்துக்கொண்டு போவோம். நான் பரிசோதகன் என்பதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இல்லத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கரும்பலகை. யாருக்காக அன்றைய சாப்பாடு என்பதை அதில் எழுதுவார்கள். உன் பெயரைத் தமிழில் எழுத அங்கே ஆள் இல்லாத வருடங்களில் நானே சாக்பீஸ் எடுத்து எழுதுவேன். பிறகு அறுபது பேரும் எழுந்து நின்று, முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே, உன் பெயரைச் சொல்லி ஜெபம் செய்வார்கள். நீ வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வாய். அம்மா உன்னை முன்னால் இழுத்து விடுவாள். பதினாறு வருடம் இது தவறாமல் நடந்தது.

உன் கடிதத்தைப் படித்ததும் நான் உன்னோடு சண்டை போட்டேன், இந்த நாற்காலியில் உட்கார்ந்தே. கமிட்டி என்ன நினைத்தால் என்னடா, சோற்றுக்குக் கொள்கை உண்டா? பசித்த கிழவன் வாயில் போகிற கவளத்துக்கும் கமிட்டித் தலைவரின் கட்டுரைக்கும் என்ன சம்பந்தம்? நம் குடும்பம் கோவிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம்தான். ஆனாலும் தீமிதி நாளில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் பஸ்ஸைத் திருப்பிவிடும் வேலை முடிந்ததும் மாரியம்மன் கோவிலில் நான் எத்தனை தடவை பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். நீ எதை நம்புகிறாய் என்று கேட்டா எனக்கு இலை போட்டார்கள்? கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஒருவரை ஒருவர் துருவித் துருவிக் கேட்டால் உலகத்தில் பாதிப் பேர் பட்டினி கிடப்பார்கள். இப்படியெல்லாம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன், எதிரில் யாரும் இல்லாதபோது நான் எப்போதும் நன்றாகப் பேசுவேன். ஆனால் பேசி முடித்த பிறகு ஒரு முகம் வந்து நின்றது.

கியோங்கின் முகம். இந்த ஐந்து வருடத்தில் உனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் நான் அந்தப் பெயரை எழுதியதில்லை. "அங்கே எல்லாரும் நலமா" என்று கேட்பேன். எல்லாரும் என்றால் யார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுவதும் விழுந்துபோனபோது நாம் தோ பாயோ அடுக்குமாடிக்குக் குடிவந்திருந்தோம். நான் வேலைக்குப் போகவேண்டும், நீ வரைபட அலுவலகத்துக்குப் போகவேண்டும். ஏழாவது மாடியில் அவளைத் தனியே விட்டுவிட்டு எப்படி இருப்பது? இல்லத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் பிலோதான், "அண்ணே, இத்தனை வருசமா எங்களுக்குச் சோறு போட்டவங்க. இங்க கொண்டாந்து விடுங்க. நாங்க பார்த்துக்கிறோம்" என்றார். அந்தச் சொல்லை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அந்த இல்லத்தை நான் எவ்வளவு திட்டினாலும் இதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அம்மாவின் உடம்பில் ஒரு படுக்கைப் புண் வந்ததில்லை. அதற்குப் பாதிக் காரணம் சிஸ்டர். மீதிப் பாதி, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு, லீவு நாட்களில் அங்கே வந்து தொண்டு செய்த அந்தச் சீனப் பையன், கியோங். எந்தச் சாமியையும் கும்பிடாதவன். முதலில் அது எனக்குக் கொஞ்சம் இடித்தது. ஆனால் அவன் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிற விதத்தைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். அம்மா அவனோடு மலாயில் பேசுவாள். நாக்கு குழறும். "சுடா மக்கான், தம்பி?" என்பாள், சாப்பிட்டாயா என்று. அவன் நம்மிடம் கற்றுக்கொண்ட நான்கு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு, "வலிக்குதா அம்மா? போதுமா?" என்பான். அவள் தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போடக் கற்றுக்கொண்டான். ஆரம்பத்தில் பின்னல் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, பாதி முகத்தால் சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் பூசை முடிந்து வந்தேன். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி. நீ ஒன்றில், கியோங் ஒன்றில். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு நேராக வந்த களைப்பில் அவன் உன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். நீ அசையாமல் உட்கார்ந்து அம்மாவுக்கு விசிறிக்கொண்டிருந்தாய். நான் வாசலில் நின்றதை நீ பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள். இடது கையைத் தூக்கி உதட்டில் விரல் வைத்தாள், சத்தம் போடாதே என்று. பஸ்ஸில் ஏறிய மாத்திரத்தில் யாரிடம் டிக்கெட் இல்லை என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவன் நான். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவளுக்கு என்னைவிட முன்பே புரிந்திருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்து புரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் உன்னிடம் கேட்டேன். "ஆமாப்பா" என்றாய். சுற்றி வளைக்கவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததை அப்போது பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன். போலீஸுக்குப் பயம், ஆணும் ஆணும் சேர்ந்தால் குற்றம் என்றுதான் அப்போதும் சட்டம் இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. கோவிலுக்குப் பயம். உன் ஆத்துமா போய்விடுமோ என்ற பயம். எல்லாவற்றையும்விட, உன்னை எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்ற பயம்.

அந்தப் பயத்தோடு நான் செய்ததை நீ அறிவாய். ஆனால் என் வாயால் இதுவரை சொன்னதில்லை. சனிக்கிழமை நவநாளில் மன்றாட்டுக் கடிதம் போடுகிற பெட்டி இருக்குமே. பெயர் இல்லாமல் எழுதிப் போட்டால், சாமியார் சிலவற்றை எடுத்து மைக்கில் படிப்பார். பரீட்சையில் பாஸாகவேண்டும், வீட்டு வசதிக் கழகத்தில் வீடு கிடைக்கவேண்டும், புருஷன் சூதாட்டத்தை விடவேண்டும் என்று ஆயிரம் பேர் எழுதுவார்கள். நானும் எழுதினேன். தெரிந்த ஒருவரைக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதவைத்தேன். என் மனைவி பக்கவாதத்தில் முதியோர் இல்லத்தில் கிடக்கிறாள், என் ஒரே மகனுக்கு ஆண்கள்மேல் ஆசை என்ற நோய் பிடித்திருக்கிறது, பதினாறு வருடமாக அவன் பிறந்தநாளுக்கு அதே இல்லத்துக்குச் சாப்பாடு கொடுத்து வருகிறோம், அந்தப் புண்ணியத்துக்காவது மாதா அவனைச் சுகமாக்கவேண்டும் என்று. அந்தச் சனிக்கிழமை நீ அம்மாவுக்காக ஜெபிக்க என்னோடு வந்திருந்தாய். சாமியார் அந்தக் கடிதத்தை எடுப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. எடுத்தார். நல்ல தெளிவான குரல் அவருக்கு. சாப்பாடு என்ற இடம் வந்ததும் உன் முழங்கால் என் முழங்காலை விட்டு விலகியதை உணர்ந்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பாட்டு வரைக்கும் நின்று பாடினாய். பஸ் நிறுத்தத்தில் வந்து, "சாப்பாட்டைப் பத்தி எழுதாம இருந்திருக்கலாம்பா. வேற யாரோன்னு நினைச்சிருப்பேன்" என்றாய். அதற்குப் பிறகு நீ என்னோடு நவநாளுக்கு வரவில்லை.

என் புத்தி எனக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும். நீ கண்டுபிடித்தால் மற்றவர்கள் கண்டுபிடிக்கமாட்டார்களா? அதே இல்லத்துக்குப் பதினாறு வருடமாகச் சாப்பாடு கொடுக்கிற குடும்பம், அதே இல்லத்தில் மனைவி, ஒரே மகன். அந்தக் கூட்டத்தில் கமிட்டிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸ் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து மைலோ கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "அங்கிள், உங்க மகனைப் பத்தி நாங்க ஒண்ணும் கேக்கல. அந்த கியோங்தானா, அதை மட்டும் சொல்லுங்க லா" என்றார் ஒருவர். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மைலோவைக் குடித்தேன். அருள், அதைக் குடித்து முடித்தேன். அவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. மறுநாளிலிருந்து கியோங் அந்த வாசலுக்குள் வரக்கூடாது என்றாகிவிட்டது. யார் சொல்லி என்று உனக்கு இதுவரை உறுதியாகத் தெரியாமல் இருந்திருந்தால் இப்போது தெரிந்துகொள். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அன்றைக்கு உன்னிடம் சாதித்தேனே, அது உண்மைதான். நான் ஒன்றுமே சொல்லவில்லை. அவன் என் மனைவியைக் கழுவிவிட்டவன் என்று சொல்லவில்லை. அவனைப்போல ஒருவன் உங்களுக்குக் கிடைக்கமாட்டான் என்று சொல்லவில்லை.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு மாதம்தான் இருந்தாள். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வாசலைப் பார்ப்பாள். "கி... கியோ..." என்பாள். முழுப் பெயர் வராது. வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று பொய் சொன்னேன். அவள் நம்பவில்லை. இடது கையால் தன் தலைமுடியைத் தொட்டுக் காட்டுவாள். எண்ணெய் காணாமல் அது சிக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பின்னல் போடத் தெரியாது. முப்பது வருடம் அவளோடு வாழ்ந்திருக்கிறேன், ஒரு பின்னல் போடத் தெரியாது. அவளைச் சுவா சூ காங்கில் அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்தின் கேட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு அவன் நின்றான். நீ இரண்டு தடவை என்னைப் பார்த்தாய். உள்ளே கூப்பிடுங்கள் என்று கேட்கிறாய் எனத் தெரிந்தும் நான் மண்ணைப் பார்த்தபடி நின்றேன். ஆறு மாதத்தில் நீங்கள் இருவரும் மெல்போர்னுக்குப் போய்விட்டீர்கள்.

பிறகும் ஏன் கொடுத்தேன் என்று நீ கேட்கலாம். அம்மாவின் நேர்த்தி என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதிதான். மீதியை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீ போன பிறகு இந்த ஊரில் உன் பெயரைச் சொல்ல யாரும் இல்லாமல் போனார்கள். சொந்தக்காரர்கள் உன் பேச்சை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் எனக்குச் சங்கடம் என்று நினைத்துக்கொள்வார்கள். கோவிலில் விசாரிக்கமாட்டார்கள். வருடத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அறுபது பேர் ஒன்றாக உன் பெயரைச் சொல்வார்கள். சீனர்கள் வாயில் அது 'அலுல்' என்று வரும். நான் சுவரோரம் நின்று கேட்பேன். அதைக் கேட்கத்தான் போனேன். அவர்கள் என்னவென்று ஜெபித்தார்கள் தெரியுமா? உனக்கு நல்ல பெண் அமையவேண்டும் என்று. அப்படி ஜெபிக்கச் சொல்லி சிஸ்டரிடம் கேட்டவனும் நான்தான். உன்னைப் பார்க்க ஏங்கிக்கொண்டே, நீ வேறு ஆளாக மாறி வரவேண்டும் என்று வருடா வருடம் குருமா ஊற்றினேன். கமிட்டிக்காரர்கள் கட்டுரையில் எழுதியதைத்தான் நான் பானையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். அவர்கள் நம்பிக்கை வேறு, என் தானம் வேறு என்று நான் எப்படிச் சொல்வேன்?

செவ்வாய்க்கிழமை சிஸ்டர் பிலோவைப் போய்ப் பார்த்தேன். அவருக்கும் வயதாகிவிட்டது, முழங்காலில் பட்டி கட்டியிருக்கிறார். அடுத்த மாதம் பிறந்தநாள் வருகிறது, சாப்பாடு கொடுக்கிறேன், ஆனால் கரும்பலகையில் இரண்டு பெயர் எழுதவேண்டும் என்றேன். அருள், கியோங். கேட்டுவிட்டு அவர் ஜெபமாலையை உருட்டினார். "கமிட்டி ஒத்துக்காதுண்ணே."

"கேட்டுப் பாருங்க சிஸ்டர்."

புதன்கிழமை அவரே நம் வீட்டுக்கு வந்தார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, லிப்டு நிற்காத மாடிக்குப் படியேறி. சாப்பாட்டைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்களாம், பெயர் ஒன்றுதான் போடுவார்களாம். "கமிட்டி வேற, கஞ்சி வேற அண்ணே. அந்த அறுபது பேருக்கும் இந்தச் சண்டையே தெரியாது. அவங்களை ஏன் தண்டிக்கிறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அதே கேள்வியைத்தான் உன்னிடம் கேட்டிருந்தேன். "அவங்களுக்குத் தெரியாதுதான் சிஸ்டர். எனக்குத் தெரியுதே" என்றேன். முழங்கால் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு, "அந்தப் புள்ளைய அனுப்புன அன்னைக்கு நானும் வாயத் தொறக்கலண்ணே" என்றார். இரண்டு பேரும் அழுதோம். நான் போட்ட டீ ஆறிப்போயிற்று.

ஆக, சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். கரும்பலகையில் இனி உன் பெயர் வராது. அதை எழுதும்போதே நெஞ்சு வலிக்கிறது, மறைக்கமாட்டேன். இனி உன் பெயரை யாரும் ஒன்றாகச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. நேற்று ராத்திரி அடுப்படியில் நின்று நானே ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மா, யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கதவைத் திறந்து பார்த்தார்.

ஆனால் சிஸ்டர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இன்று காலை வெறுங்கையோடு போனேன். அங்கே ஆண்கள் பகுதியில் முகம் மழிக்க ஆள் இல்லை. கியோங் போன பிறகு யாரும் நிலைக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நான் வந்து மழித்துவிடுகிறேன் என்றேன். சிஸ்டர் சோப்புக் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். நீ சிரிப்பாய். பெயரைக் கொடுக்காமல் ஆளையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாரே என்று. இது சரியான கணக்கா என்று எனக்கே தெரியாது. கமிட்டி தன் மடலில் போட்டுக்கொள்ள என்னிடமிருந்து இனி ஒன்றும் கிடைக்காது; கிழவர்களுக்குத் தாடி வளர்ந்துகொண்டுதான் இருக்கும். இப்போதைக்கு இவ்வளவுதான் என் புத்திக்கு எட்டுகிறது. நீ இதுவும் தப்பு என்றால் எழுது, யோசிக்கிறேன்.

முதலில் உட்கார்ந்தவர் டான் அங்கிள் என்று ஒருவர். பழைய துறைமுகத் தொழிலாளி, வாயில் ஒரு பல்கூட இல்லை. நான் சோப்பு போட்டதும் மலாயில் அதட்டினார்: முதலில் வெந்நீர்த் துண்டை வைக்கவேண்டும், கியோங் அப்படித்தான் செய்வான், உனக்குத் தெரியாதா என்று. வைத்தேன். அவன் எங்கே போனான் என்று கேட்டார். அம்மாவிடம் சொன்ன பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடத்தில் சிஸ்டர் இருந்தார், கமிட்டிக்காரர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: கியோங் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். என் மகனோடு இருக்கிறான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் குடும்பமாக இருக்கிறார்கள். பேப்பர் சத்தம் நின்றது. டான் அங்கிள் துண்டுக்குள்ளிருந்து யோசித்தார். பிறகு, உன் மகன் அதிர்ஷ்டக்காரன், அந்தப் பையனுக்கு நல்ல கை என்றார். அவர்கள் எப்போது வருகிறார்கள் என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உன் அறையில் கிடந்த ஒற்றைக் கட்டிலை எடுத்துவிட்டேன். பெரிய கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறேன். லிப்டுக்குள் அது நுழையாமல், கடை ஆட்கள் ஏழு மாடியும் என்னைத் திட்டிக்கொண்டே தூக்கி வந்தார்கள். வயசான காலத்தில் தனி ஆளுக்கு எதுக்கு அங்கிள் இவ்வளவு பெரிய கட்டில் என்று ஒருவன் கேட்டான். எனக்கில்லை, என் பிள்ளைகளுக்கு என்றேன். இதைக் கியோங்குக்கு நீயே படித்துச் சொல், அவனுக்கும்தான் எழுதியிருக்கிறேன். அவன் என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வந்து திட்டிவிட்டுப் போனாலும் சரி. எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள். டான் அங்கிள் கேட்கிறார் என்பது சாக்கு. நான்தான் கேட்கிறேன்.

அப்பா